எழுபத்தைந்து கிராம்

வால்டிவியாவில் ஜூலை என்றால் மழை.
தகரக் கூரையில் அது கொட்டித் தீர்க்க
கீழே தொட்டித் தண்ணீர்
தனக்கு ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கும்
நாற்பத்தைந்து மீட்டர் நீளத்துக்கு.

பயிற்சி மாணவர்கள் நாங்கள் நான்கு பேர்.
பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும் சம்பளம்.
அமாரோ படகுக்கு மெழுகு தேய்ப்பான்.
அலை எழுப்பும் பலகை ரென்சோவிடம்.
ரயென் எடை வைப்பாள். எனக்குக் கேமரா.
மற்ற நேரமெல்லாம் நால்வருக்கும் ஒரே வேலை,
காத்திருப்பது.
ஓர் ஓட்டம் முடிந்தால் பன்னிரண்டு நிமிடம்
தண்ணீர் அடங்கும்வரை அடுத்தது கூடாது.
சில நாள் பதினைந்தாகும்.
அன்றைக்கு அதற்கு என்ன கோபமோ.

மாதிரிப் படகு பத்தில் ஒரு பங்கு.
நீளம் பத்தில் ஒன்றானால்
எடை ஆயிரத்தில் ஒன்று.
ஆகவே ஒரு மீனவன்
எழுபத்தைந்து கிராம் ஈயம்.
தொட்டியில் உப்பில்லை, அதற்காகத்
தலைக்கு இரண்டு கிராம் அரத்தால் ராவினோம்.
பெயர் வைக்கலாம் என்றான் ரென்சோ.
வேண்டாம் என்றாள் ரயென்.
ஒன்று முதல் ஐந்து வரை எண் பொறித்தோம்.

வரைபடத்தின்படி ஐவரும் நடுக்கோட்டில்
கல்யாணப் புகைப்படத்துக்கு உட்கார்ந்ததுபோல்.
மூன்று நாள் அலையடித்தோம், கவிழவே இல்லை.
பொறியாளர் ஒயார்சூன் வரைகோட்டைப் பார்த்துத்
தலையசைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

ரயென் கோராலில் இருக்கும் அப்பாவை அழைத்தாள்.
சார்டின் படகில் போகிறவர்.
போனைச் சத்தமாக வைத்தாள்,
பின்னால் ஒரு கடற்சிங்கம் குரைத்தது.

"வலை இழுக்கும்போது எங்கே நிற்பீங்க?"
"வலை இருக்கிற பக்கம். கேள்வியைப் பாரு."
"எல்லாருமா?"
"சமைக்கிறவனும்தான்."
"என்ன எடை இருப்பீங்க?"
"மழைக்கோட்டோடயா, இல்லாமலா?"

கோட்டோடு, பூட்ஸோடு,
பூட்ஸுக்குள் புகுந்த தண்ணீரோடு
தொண்ணூற்றிரண்டு.

பற்றவைக்கும் கம்பியை எடுத்து
மூன்றாம் எண்ணைச் சுற்றினாள்.
தராசில் வைத்துப் பார்த்தாள்.
இன்னும் ஒரு சுற்று.
பிறகு ஐந்தையும் வலது விளிம்புக்கு நகர்த்தினாள்.
யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை,
செய்யாதே என்றும் சொல்லவில்லை.
படகு லேசாகச் சாய்ந்து
எதையோ ஒட்டுக்கேட்பதுபோல் நின்றது.

ஏழாவது அலை.
என் முழங்காலுக்குக்கூட எட்டாத அலை.
கையை நீட்டித் தடுத்திருக்கலாம்.
'ப்ளக்' என்று ஐந்து சத்தம்,
அல்லது நான்கு. மழையில் சரியாகக் கேட்கவில்லை.

ஈயத்தைக் காந்தம் இழுக்காது.
அமாரோ பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கினான்.
முதலில் கிடைத்தது கம்பி சுற்றிய மூன்று.
ரயென் அதைத் துடைத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள், பேசவில்லை.
அப்புறம் ஒன்று. ஐந்து.
வெகுநேரம் கழித்து நான்கு.
உதடு நீலமானதும் அவனை மேலே இழுத்துவிட்டோம்.

ஒயார்சூன் திரும்பி வந்து
எங்கள் தாளை நின்றபடியே படித்தார்.
'பணியாளர் நிற்கும் இடம்' என்ற கட்டத்தில்
எழுதியிருந்ததை அடித்தார்.
"நாளைக்கு எல்லாம் முதலிலிருந்து" என்றார்.
கதவருகே போய், "ரெண்டாம் எண்ணுக்கு
அலமாரியில் வேற இருக்கு."

சின்னப் படகுக்குக் காலம் வேகமாக ஓடும்.
படத்தை மூன்று மடங்குக்குமேல் மெதுவாக்கினால்தான்
அது கடலின் கணக்கு.
கவிழ எடுத்தது இரண்டு விநாடி.
மெதுவாக்கினேன், ஆறு சொச்சம்.
ஆறு விநாடிக்கு என்னவெல்லாம் செய்யலாம்
என்று யாரும் கேட்கவில்லை.
ரென்சோவின் உதடு மட்டும்
ஏதோ பெயரைச் சொல்லிப் பார்ப்பதுபோல் அசைந்தது.

அலமாரி ஈயத்தில் '2' என்று பொறித்தது நான்தான்.
நன்றாகவே இருக்கிறது, எடையும் சரி.

தொட்டியை வருடத்துக்கு ஒருமுறை,
பிப்ரவரியில் காலி செய்வார்கள்.
எங்கள் பயிற்சி ஆகஸ்டில் முடிகிறது.